வி.எம். உள்ளே டேட்டாபேஸ் ஓடுகிறது, வெளியிலிருந்து கனெக்ட் ஆகவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

விர்ச்சுவல் பாக்ஸில் ஒரு வி.எம். (விர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி) உருவாக்கி, அதில் உபுண்டு போட்டு, அதற்குள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் நிறுவியாயிற்று. உள்ளே போய்ப் பார்த்தால் டேபிள், டேட்டா எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. வெளியே லேப்டாப்பில், டேட்டாபேஸைப் பார்க்க உதவும் டிபீவர் என்ற மென்பொருளைத் திறந்து கனெக்ட் கொடுத்தால் மட்டும் எரர். இணையத்தில் தேடினால் வைத்தியம் மூன்று கிடைக்கும்: ஃபயர்வாலை (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) அணை, எல்லா முகவரிக்கும் திறந்து விடு, பாஸ்வேர்டே கேட்காதபடி 'டிரஸ்ட்' போடு. மூன்றையும் செய்தும் கனெக்ட் ஆகாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. ஆகிவிட்டாலோ, மூன்றில் எது சரிசெய்தது என்று தெரியாது. எதையும் திரும்ப மூடவும் பயமாக இருக்கும். நான் பட்ட பாட்டை இன்னொருவர் பட வேண்டாம் என்றுதான் இந்த வரிசையை எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பு இது: வெளியே விண்டோஸ் 11, அதில் விர்ச்சுவல் பாக்ஸ், உள்ளே உபுண்டு சர்வர் 24.04, அதன் களஞ்சியத்திலேயே வரும் போஸ்ட்கிரெஸ் 16. மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பகுதி உண்டு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

1. தொடங்கும் முன்: கையில் இருக்க வேண்டியவை, செலவு, நேரம்

ஒரு நோட்பேடைத் திறந்து ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: வி.எம்.மின் ஐபி முகவரி, போர்ட் எண் (அந்த முகவரியில் டேட்டாபேஸ் காத்திருக்கும் கதவின் எண்), டேட்டாபேஸின் பெயர், யூசர் பெயர், எரர் செய்தி முழுதாக. எரரை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் எழுத்தாகவே நகலெடுங்கள். அதில் உள்ள எண்கள் பிறகு தேவைப்படும்.

இடிசி கோப்புறைக்குள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல், 16, மெயின் என்று போனால் இரண்டு கோப்புகள் இருக்கும்: போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப் (பொது அமைப்புகள்), பிஜி_எச்பிஏ.கான்ஃப் (யார் உள்ளே வரலாம் என்ற விதிகள், சுருக்கமாக எச்பிஏ கோப்பு). இரண்டையும் தொடுவதற்கு முன் பக்கத்திலேயே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

செலவு எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸும் டிபீவரின் கம்யூனிட்டி பதிப்பும் இலவசம், விர்ச்சுவல் பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பும் அப்படியே. 'எக்ஸ்டென்ஷன் பேக்' மட்டும் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம், அலுவலகத்தில் போட உரிமம் வாங்க வேண்டும். நாம் செய்யப்போகும் வேலைக்கு அது தேவையே இல்லை, 'இருக்கட்டும்' என்று போட்டு வைக்காதீர்கள்.

வரிசை மாறாமல் போனால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றியதும் சோதியுங்கள், பயனில்லை என்றால் பழையபடி திருப்பிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

2. எரரைப் படியுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்

எல்லா எரரையும் 'கனெக்ட் ஆகல' என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் காட்டுகிறது.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' (விண்டோஸில் கூடவே 10061 என்ற எண் வரும்), அதுவும் ஓரிரு வினாடிக்குள் வந்தால், நீங்கள் சொன்ன முகவரியில் ஒரு கணினி இருக்கிறது, அந்தப் போர்ட்டில்தான் யாரும் இல்லை. படி 3, 4.

'டைம்டு அவுட்' (10060) என்றால் நீங்கள் அனுப்பியதற்குப் பதிலே வரவில்லை. விண்டோஸ் சுமார் இருபது வினாடி காத்திருந்துவிட்டுச் சொல்லும். லினக்ஸிலிருந்து முயன்றால் இரண்டு நிமிடத்துக்கு மேலேயே இழுக்கும், தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். இது தவறான முகவரி அல்லது ஃபயர்வால். படி 5, 6.

'சர்வர் க்ளோஸ்டு த கனெக்‌ஷன் அன்எக்ஸ்பெக்டட்லி' என்பதை வைத்துத்தான் பலரும் டேட்டாபேஸ் கெட்டுப்போய்விட்டதாக நினைத்துத் திரும்ப நிறுவுகிறார்கள். போர்ட் ஃபார்வர்டிங் (லேப்டாப்பின் ஒரு போர்ட்டுக்கு வருவதை வி.எம்.முக்குத் திருப்பிவிடுவது) வைத்திருப்பவர்களுக்கு இது வந்தால் அநேகமாக வேறு விஷயம். படி 5இல் சொல்கிறேன்.

'நோ பிஜி_எச்பிஏ.கான்ஃப் என்ட்ரி' அல்லது 'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' வந்தால் சந்தோஷப்படுங்கள். நெட்வொர்க் சரி, ஃபயர்வால் சரி, ஏதோ ஒரு டேட்டாபேஸிடம் பேசிவிட்டீர்கள். அது உங்கள் டேட்டாபேஸ்தானா என்பதை மட்டும் பார்க்க வேண்டும். படி 7, 8.

3. டேட்டாபேஸ் உண்மையிலேயே ஓடுகிறதா?

வி.எம்.மின் கருப்புத் திரையில் லாகின் செய்யுங்கள். எல்லாரும் முதலில் அடிப்பது 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்'. அது பச்சையில் 'ஆக்டிவ்' என்று காட்டும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எக்ஸிடட்' என்று இருப்பதைக் கவனியுங்கள். உபுண்டுவில் அது வெறும் மேல்பெயர். உண்மையான சர்வீஸ் வேறு பெயரில் ஓடுகிறது. டேட்டாபேஸ் செத்துக் கிடந்தாலும் இந்தப் பச்சை வரும். நம்பாதீர்கள்.

அதற்குப் பதில் 'பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்' என்று அடியுங்கள். பதிப்பு, பெயர், போர்ட், நிலை, லாக் கோப்பின் இடம் எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். நிலை 'ஆன்லைன்' என்று இருக்க வேண்டும். 'டவுன்' என்றால் அந்த லாக் கோப்பின் கடைசி இருபது வரியைப் படியுங்கள், காரணம் அதில் இருக்கும்.

போர்ட்டையும் பாருங்கள். ஒரே வி.எம்.மில் பழைய பதிப்பு ஒன்று ஏற்கெனவே இருந்து, அதன் மேல் புதியதும் நிறுவியிருந்தால், 5432 பழையதற்குப் போய்விட்டிருக்கும், புதியது 5433இல் உட்கார்ந்திருக்கும். டேபிளை எல்லாம் புதியதில் உருவாக்கிவிட்டு, வெளியிலிருந்து பழையதைத் தட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பது.

4. எந்த முகவரியில் லிசன் செய்கிறது (கனெக்ட் ஆக வருபவருக்காகக் காத்திருக்கிறது)?

'சூடோ எஸ்எஸ் -எல்டிஎன்பி' அடித்து 5432 இருக்கும் வரியைத் தேடுங்கள். 127.0.0.1:5432 என்று மட்டும் இருந்தால் வி.எம்.முக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டும்தான் கதவு. போஸ்ட்கிரெஸ் நிறுவியவுடன் இப்படித்தான் இருக்கும். இது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைத்தது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப் கோப்பில் 'லிசன்_அட்ரெசஸ்' என்ற வரியைத் தேடுங்கள். முன்னால் '#' இருந்தால் அந்த வரி செத்த வரி. மதிப்பை மாற்றிவிட்டு '#'ஐ எடுக்க மறந்தால் எதுவும் மாறாது. மதிப்பாக '*' போடலாம், சோதனை வி.எம்.முக்கு அது போதும். யார் யாரை உள்ளே விடுவது என்பதைப் படி 6, 7இல் இறுக்கிக்கொள்ளலாம்.

இந்த மாற்றத்துக்கு 'ரீலோட்' போதாது, 'ரீஸ்டார்ட்' வேண்டும். செய்தபின் மறுபடி 'எஸ்எஸ்' கட்டளையை ஓட்டி 0.0.0.0:5432 வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். வரவில்லை என்றால், இரண்டு பதிப்பு உள்ளவர்கள் வேறு பதிப்பின் கோப்பைத் திருத்தியிருப்பீர்கள்.

5. வி.எம்.மின் நெட்வொர்க்: பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம்

விர்ச்சுவல் பாக்ஸில் புதிதாக வி.எம். உருவாக்கினால் 'நாட்' முறையில்தான் வரும். உள்ளே போய் 'ஐபி ஏ' அடித்தால் 10.0.2.15 என்று ஒரு முகவரி காட்டும். அதை அப்படியே எடுத்து டிபீவரில் போட்டால் இருபது வினாடி சுற்றிவிட்டு டைம்டு அவுட்தான். விர்ச்சுவல் பாக்ஸில் நாட் முறையில் இருக்கும் வி.எம். எல்லாமே தன்னை 10.0.2.15 என்றுதான் சொல்லும். 'பிள்ளையார் கோயில் தெருவில் இருக்கிறேன்' என்று ஊர் பெயர் இல்லாமல் வழி சொல்வது மாதிரி. உங்கள் லேப்டாப்பால் அந்த முகவரிக்கு நேரடியாகப் போகவே முடியாது, வி.எம். வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை.

தீர்வு மூன்று உண்டு. என் பரிந்துரை இரண்டாவது.

5அ. போர்ட் ஃபார்வர்டிங். வி.எம். அமைப்புகளில் நெட்வொர்க் பகுதியில் இருக்கிறது. வி.எம்.மை அணைக்காமலே போடலாம். ஹோஸ்ட் என்பது உங்கள் லேப்டாப், கெஸ்ட் என்பது வி.எம். ஹோஸ்ட் ஐபி 127.0.0.1, ஹோஸ்ட் போர்ட் 15432, கெஸ்ட் போர்ட் 5432, கெஸ்ட் ஐபி காலியாக விடலாம். ஹோஸ்ட் ஐபியைக் காலியாக விட்டால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உங்கள் டேட்டாபேஸ் கதவு திறந்துவிடும். ஹாஸ்டலிலோ காபி கடையிலோ உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்கவும்.

இந்த முறையில் பொறிகள் நான்கு.

ஹோஸ்ட் போர்ட்டாக 5432ஐயே போடாதீர்கள். எப்போதோ விண்டோஸிலும் ஒரு போஸ்ட்கிரெஸ் நிறுவி மறந்திருப்பீர்கள். 5432ஐத் தட்டினால் அது கதவைத் திறந்து 'பாஸ்வேர்டு தவறு' என்று சொல்லும். நீங்கள் வி.எம்.முக்குள் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், பதில் சொல்வது வேறு ஆள். 15432 போட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

டிபீவரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று போடாமல் 127.0.0.1 என்று எண்ணாகவே போடுங்கள். விண்டோஸ் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் முதலில் ஐபிவி6 முகவரிக்குப் போகும். நீங்கள் வைத்த ஃபார்வர்டிங் ஐபிவி4இல் இருக்கிறது.

போர்ட் திறந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து சோதித்தால் 'திறந்திருக்கிறது' என்றே வரும், உள்ளே டேட்டாபேஸ் அணைந்திருந்தாலும்! ஏனென்றால் கதவைத் திறப்பது விர்ச்சுவல் பாக்ஸ். அது உள்ளே போய்த் தட்டிப் பார்த்து, ஆள் இல்லை என்றதும் உங்கள் கனெக்‌ஷனை அறுத்துவிடும். அப்போது வருவதுதான் படி 2இல் சொன்ன 'அன்எக்ஸ்பெக்டட்லி' எரர். டேட்டாபேஸைத் திரும்ப நிறுவ வேண்டாம், படி 3, 4க்குத் திரும்பிப் போனால் போதும்.

நான்காவது, இப்படி வரும் கனெக்‌ஷன் உள்ளே இருக்கும் போஸ்ட்கிரெஸுக்கு 10.0.2.2இலிருந்து வருவதாகத் தெரியும். '127.0.0.1 என்றுதானே போட்டேன்' என்று எச்பிஏ கோப்பில் அதையே அனுமதித்தால் பொருந்தாது.

5ஆ. ஹோஸ்ட்-ஒன்லி. வி.எம்.மை அணைத்துவிட்டு இரண்டாவது அடாப்டரை (வி.எம்.மின் நெட்வொர்க் கார்டு) இயக்கி, வகையில் 'ஹோஸ்ட்-ஒன்லி' தேர்ந்தெடுங்கள். முதல் அடாப்டர் 'நாட்' முறையிலேயே இருக்கட்டும், அப்டேட் இறக்க இணையம் வேண்டுமே. இப்போது லேப்டாப்புக்கு 192.168.56.1 என்ற முகவரி இருக்கும், வி.எம்.முக்கு அதே வரிசையில் ஒன்று கிடைக்க வேண்டும்.

'வேண்டும்' என்று சொல்லக் காரணம், உபுண்டு சர்வர் பிறகு சேர்த்த அடாப்டரைத் தானாக எழுப்பாது. 'ஐபி ஏ' அடித்தால் முதல் அடாப்டரான ஈஎன்பி0எஸ்3 என்பதில் முகவரி இருக்கும், இரண்டாவதான ஈஎன்பி0எஸ்8 'டவுன்' என்று கிடக்கும். இடிசிக்குள் நெட்பிளான் கோப்புறையில் புதிதாக ஒரு யாமல் கோப்பு போட்டு, ஈஎன்பி0எஸ்8க்கு 192.168.56.10/24 என்று நிலையான முகவரி கொடுத்துவிடுங்கள். விர்ச்சுவல் பாக்ஸ் தானாகப் பங்கிடும் எண்கள் வழக்கமாக 101க்கு மேல்தான், அதனால் 10 யாரோடும் மோதாது. யாமலில் டேப் விசை தொடக் கூடாது, இடைவெளிதான். 'சூடோ நெட்பிளான் டிரை' கொடுத்தால் 120 வினாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி மாறிவிடும். 'அப்ளை'யை விட இது பத்திரம்.

முகவரி மாறாது, வெளியாள் வர முடியாது, வைஃபை இல்லாவிட்டாலும் வேலை செய்யும். சோதனைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

5இ. பிரிட்ஜ்டு. வி.எம். உங்கள் ரவுட்டரிடமிருந்தே முகவரி வாங்கும். வீட்டில் இன்னொரு கணினியிலிருந்தும் டேட்டாபேஸை அணுக வேண்டும் என்றால் மட்டும் இது. சில வைஃபை அடாப்டர்களில் பிரிட்ஜ் சரியாக வராது. அலுவலக, கல்லூரி நெட்வொர்க்குகள் தெரியாத கணினிக்கு முகவரியே தராமலும் போகலாம்.

6. ஃபயர்வாலா, இல்லையா? பாக்கெட்டையே பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க்கில் வந்து போகும் தகவல் துண்டுகளை (பாக்கெட்) காட்டும் இந்தக் கட்டளையை வி.எம்.முக்குள் ஓடவிடுங்கள்: 'சூடோ டிசிபிடம்ப் -ஐ எனி -என்என் போர்ட் 5432'. அது காத்துக்கொண்டிருக்கும். வெளியே விண்டோஸ் பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.56.10 -போர்ட் 5432' அடித்துவிட்டு வி.எம். திரையைப் பாருங்கள்.

ஒரு வரியும் வரவில்லையா? பாக்கெட் வி.எம்.முக்கே வரவில்லை. தவறான முகவரி, தவறான அடாப்டர், அல்லது விண்டோஸ் பக்கம் வி.பி.என். மாதிரி ஏதாவது வழி மறிக்கிறது. படி 5.

சதுர அடைப்புக்குள் 'எஸ்' என்று ஒரு வரி வருகிறது, பதில் இல்லை, சில வினாடி கழித்து அதே 'எஸ்' மறுபடி, மறுபடி. பாக்கெட் வாசல் வரை வந்துவிட்டது, உள்ளே விடாமல் ஃபயர்வால் சத்தமில்லாமல் குப்பையில் போடுகிறது. டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடுவதால் நமக்குத் தெரிகிறது.

'எஸ்' வந்ததும் 'ஆர்' உடன் ஒரு புள்ளி சேர்ந்த பதில் போகிறதா? அந்தப் போர்ட்டில் யாரும் லிசன் செய்யவில்லை, படி 4. 'எஸ்' வந்து, 'எஸ்' உடன் புள்ளி சேர்ந்து பதில் போனால் நெட்வொர்க் வேலை முடிந்தது, நேராகப் படி 7.

ஃபயர்வால்தான் என்று தெரிந்தால் 'சூடோ யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ்' பாருங்கள். உபுண்டுவில் நீங்களாக இயக்கினால் ஒழிய அது அணைந்தே இருக்கும். இயங்கினால் முழுதாக அணைக்காமல் 192.168.56.0/24இலிருந்து (அதாவது 192.168.56 என்று தொடங்கும் முகவரிகளிலிருந்து) 5432க்கு மட்டும் 'அலவ்' கொடுங்கள். ராக்கி, அல்மா லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் முதலிலிருந்தே இயங்கும். அது குப்பையில் போடாது, திருப்பி அனுப்பும். லினக்ஸ் க்ளையண்டில் 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்று வரும். ரூட் இருக்கிறது, மறுப்பது ஃபயர்வால்.

பிங் வருகிறதா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பிங் வந்து போர்ட் மூடியிருக்கலாம், பிங் வராமல் போர்ட் திறந்திருக்கலாம்.

7. எச்பிஏ கோப்பு

யார், எந்த டேட்டாபேஸுக்கு, எந்த முகவரியிலிருந்து, எந்த முறையில் வரலாம் என்பது பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பில் இருக்கிறது. இப்படி ஒரு வரி போதும் (கடை_டிபி, கடை_யூசர் இருக்கும் இடத்தில் உங்கள் டேட்டாபேஸ், யூசர் பெயர்களைப் போடுங்கள்):

ஹோஸ்ட்   கடை_டிபி   கடை_யூசர்   192.168.56.0/24   ஸ்க்ரம்-ஷா-256

போர்ட் ஃபார்வர்டிங் வைத்தவர்கள் முகவரிக்கு 10.0.2.2/32 போடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் மேலிருந்து கீழே படித்து, பொருந்தும் முதல் வரியோடு நிறுத்திவிடும். மேலே 'ரிஜெக்ட்' என்று ஒரு வரி பொருந்திவிட்டால், கீழே நீங்கள் எழுதியதைப் பார்க்கவே பார்க்காது. இந்தக் கோப்புக்கு ரீலோட் போதும். எழுத்துப்பிழை இருந்தால் ரீலோடில் பழைய விதிகளே தொடரும். 'மாற்றினேன், மாறவில்லை' என்று தோன்றும். அதே பிழையோடு ரீஸ்டார்ட் செய்தால் டேட்டாபேஸ் எழும்பவே எழும்பாது. ஆகவே சேமித்தவுடன், ரீலோட் செய்யும் முன்பே, உள்ளே போய் 'பிஜி_எச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ்' என்ற வியூவை செலக்ட் செய்து 'எரர்' நெடுவரிசை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

8. பாஸ்வேர்டு

'சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்க்யூஎல்' என்று உள்ளே போகும்போது பாஸ்வேர்டு கேட்காது, லினக்ஸ் யூசரையே நம்பி விட்டுவிடும். அதனால் பாஸ்வேர்டு என்று ஒன்று வைக்கவே இல்லை என்பது பலருக்கு உறைப்பதில்லை. வெளியிலிருந்து வர அது வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற சூப்பர்யூசரையே வெளியே காட்டாமல், தனி யூசர் ஒன்று உருவாக்கிப் பாஸ்வேர்டு கொடுங்கள்.

'ஆதென்டிகேஷன் டைப் 10' ஆதரவில்லை என்று எரர் வந்தால் உங்கள் பாஸ்வேர்டில் தவறில்லை, டிரைவர் (டிபீவர் மாதிரி மென்பொருள் டேட்டாபேஸோடு பேசப் பயன்படுத்தும் பகுதி) பழசு. போஸ்ட்கிரெஸ் 14இலிருந்து ஸ்க்ரம் என்ற பாஸ்வேர்டு முறைதான் வழக்கம். ஜாவா டிரைவரில் அது 42.2.0 பதிப்பிலிருந்துதான் புரியும். சர்வரை எம்டி5க்கு இறக்காதீர்கள், டிரைவரை ஏற்றுங்கள்.

9. மைஎஸ்க்யூஎல் என்றால்

நெட்வொர்க் பகுதி முழுக்க அதேதான், போர்ட் 3306. லிசன் முகவரி 'பைண்ட்-அட்ரெஸ்' என்ற பெயரில் மைஎஸ்க்யூஎல்டி.சிஎன்எஃப் கோப்பில் இருக்கும், உபுண்டுவில் அதுவும் 127.0.0.1தான். மைஎஸ்க்யூஎல்லில் யூசரோடு முகவரியும் ஒட்டியே இருக்கும்: 'ரவி@லோக்கல்ஹோஸ்ட்' வேறு, 'ரவி@192.168.56.%' வேறு ஆள். எரர் 1130 வந்தால் இரண்டாமவரை நீங்கள் இன்னும் உருவாக்கவில்லை. 8.0இலிருந்து மாறிய பாஸ்வேர்டு முறையால் டிபீவரில் 'பப்ளிக் கீ ரிட்ரீவல்' என்று ஒரு எரர் வரும். டிரைவர் அமைப்புகளில் அந்தப் பெயரிலேயே ஒரு விருப்பம் இருக்கிறது, சோதனை வி.எம்.முக்கு அதை 'ட்ரூ' ஆக்கினால் போதும்.

10. நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை

பிரிட்ஜ்டு முறையில் இருந்தால் முதல் சந்தேகம் முகவரி மாறியிருக்கும் என்பதுதான். 'ஐபி ஏ' அடித்துப் பாருங்கள்.

வி.எம்.மை நகலெடுத்து இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டினால், மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) புதிதாகக் கொடுத்திருந்தாலும் இரண்டுக்கும் ஒரே ஐபி கிடைக்கலாம். உபுண்டு தன்னை அடையாளம் சொல்வது இடிசியில் இருக்கும் 'மெஷின்-ஐடி' கோப்பை வைத்து. நகலிலும் அதே எண்தான் இருக்கும். நகலில் அந்தக் கோப்பைக் காலி செய்துவிட்டு ரீபூட் செய்யுங்கள், புதியது உருவாகிவிடும்.

'டூ மெனி க்ளையண்ட்ஸ்' என்றால் நூறு கனெக்‌ஷன் என்ற வழக்கமான வரம்பு நிறைந்துவிட்டது. வரம்பை உயர்த்தும் முன், மூடாமல் விடும் உங்கள் புரோகிராமைத் தேடுங்கள்.

வி.எம்.முக்குக் கொடுத்த டிஸ்க் நிறைந்தாலும் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும். 'டிஎஃப் -எச்' ஒரு வினாடி வேலை. பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் (வி.எம்.மின் முந்தைய நிலையைச் சேமித்து வைத்தது) திரும்புவதாக இருந்தால் அதற்கு முன் பிஜி_டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுத்துவிடுங்கள்: ஸ்னாப்ஷாட் அமைப்புக் கோப்புகளை மட்டும் பின்னால் கொண்டுபோகாது, அதற்குப் பிறகு டேபிளில் ஏற்றிய டேட்டாவும் சேர்ந்தே போய்விடும்.